வாரம் ஒரு ஆல்பம்

நண்பன் பினாங்குக்கு மாற்றலாகிப் போனபின் எங்கள் பேச்சு வாட்ஸ்அப் மீம்களாகச் சுருங்கிவிட்டது. அதனால் ஓர் ஒப்பந்தம்: பிளாக் சபாத்தின் ஆல்பங்களை 1970இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து வாரம் ஒன்றாகக் கேட்பது, ஞாயிறு இரவு தொலைபேசியில் சண்டை போடுவது.

மூன்றாவது ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971) வந்தபோதுதான் வரிசையின் அருமை புரிந்தது. கிட்டார் திடீரென்று கனத்துக் கீழிறங்குகிறது. காரணம் விரல்கள். டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதாம். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். பிறகு அழுத்துவது எளிதாக, இந்த ஆல்பத்தில் பல பாடல்களுக்குத் தந்திகளையே தளர்த்திவிட்டார். அந்தத் தளர்ந்த ஒலியைத்தான் பின்னால் வந்த எத்தனையோ மெட்டல் குழுக்கள் பிடித்துக்கொண்டன.

ஏழாவது, 'டெக்னிக்கல் எக்ஸ்டஸி' (1976). "இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போலாம்லா" என்றான். நான் விடவில்லை. சுமாரான ஆல்பம்தான், டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டுகூட ஒரு பாட்டு பாடுகிறார். ஆனால் ஒரு குழு களைத்துப்போவது காதில் விழுகிறது. எட்டாவதையும் கேட்டபின், 1979இல் ஆஸி ஆஸ்போர்னை வெளியேற்றியது எங்களுக்கு அதிர்ச்சியாகவே இல்லை. 'சிறந்த பாடல்கள்' தொகுப்பில் இதெல்லாம் தெரியாது.

அடுத்து, ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980). ஆஸி இல்லாவிட்டால் அது சபாத்தே இல்லையாம். கேட்பதற்கு முன்பே தீர்ப்பு. ஞாயிறு வரட்டும்.