தொட்டுச் சொல்லும் செய்தி

குரைப்பதற்காகவே நாய் வளர்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேற்றாள் வாசலில் கால் வைத்தால் அது குரைக்க வேண்டும். நாம் விழித்துக்கொள்ள வேண்டும். காது கேளாத ஒருவரின் வீட்டில் இந்த ஏற்பாடு பயனற்றுப் போகிறது. அழைப்புமணி எட்டாத இடத்துக்குக் குரைப்பும் எட்டாது. ஆகவே பிரிட்டனில் செவித்துணை நாய்களைப் பழக்குவோர் அவற்றுக்குக் குரலை நாடாத வேறொரு வழியைக் கற்பிக்கிறார்கள். மணியோசை கேட்டதும் நாய் தன் மனிதரைத் தேடிப் போகிறது. உருவில் பெரியதாயின் மூக்கால் இடிக்கிறது; சிறியதாயின் முன்னங்காலைத் தூக்கி அவர்மீது வைக்கிறது. அவர் கையசைவால் ‘என்ன?’ என்று வினவ, ஓசை பிறந்த இடத்துக்கு அவரை அழைத்துச் செல்கிறது. வாசல் மணி, விடியற்காலை அலாரம், அழும் குழந்தை என எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுவே முறை. தீ எச்சரிக்கை மணிக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போது அது அவரைத் தொட்டுவிட்டு, எங்கும் அழைத்துப் போகாமல், அங்கேயே தரையில் படுத்துவிடும். ஆபத்து, அந்தப் பக்கம் போகாதே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நம்மில் எந்தக் கவிஞராலும் இயலுமா என்பது ஐயமே.

இந்நாய்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘நாய் அவருடைய செவியாகிவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. நாய் கேட்டதை அவர் கேட்பதில்லை. ஓசையாக வந்த ஒன்று தொடுகையாகவும் நடையாகவும் உருமாறி அவரை அடைகிறது. வாசலில் நிற்பவர் யார், கதவைத் திறக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவரே. மொழிபெயர்ப்பில் ஈடுபாடுள்ள நண்பர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படும். மேலும், நாய் உறங்குவதும் ஒரு செய்தியே. காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கும் ஒருவருக்கு இரவின் நிசப்தத்தை நம்ப வழியில்லை. அடுத்த அறையில் என்ன நடந்தாலும் அவருக்கு அது நிசப்தம்தான். காலடியில் நாய் அசையாமல் கிடக்கிறதென்றால் வீட்டில் ஒன்றும் நிகழவில்லை என்று அவர் அறிந்துகொள்கிறார்.

முதல் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக, வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916லேயே தொடங்கிவிட்டது. காதுகேளாதோர் மேலும் 60 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1970களின் நடுவில்தான் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆக்னஸ் மெக்ராத் என்ற பயிற்சியாளர் இத்தகைய நாய்களைப் பழக்கத் தொடங்கினார். பிரிட்டனில் இதற்கான அறக்கட்டளை உருவானது 1982ல். பீரங்கி கண்களை மட்டுமா பறித்தது? செவிகளையும்தான் பறித்தது. பிறகு ஏன் இத்தனை கால இடைவெளி? கண்ணிழந்தவரின் இடர் பார்ப்பவருக்குத் தெரிகிறது, காதிழந்தவரின் இடர் தெரிவதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறோம். கூப்பிட்டும் திரும்பிப் பாராதவர் திமிர் பிடித்தவராகிவிடுகிறார். இதில் தமிழும் பெரிதாகக் கருணை காட்டியதில்லை. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று சொல்லும்போது நாம் வருந்துவது வீணாய்ப்போன சங்கொலிக்காக. அந்த மனிதனை யாரும் நினைப்பதில்லை.

பிரிட்டனில் இந்நாய்கள் பொதுவிடங்களில் அணியும் கருஞ்சிவப்பு மேலங்கியின் பொருள் இங்குதான் விளங்குகிறது. அதைக் கண்டதும், முகம் பார்த்து, உதடு தெரியப் பேச வேண்டும் என்பதை எதிரிலிருப்பவர் புரிந்துகொள்கிறார். தன்னைப் பற்றி ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டிய சலிப்பு குறைகிறது. ஆனால் சொல்ல விரும்பாத நாளிலும் அந்த மேலங்கி சொல்லிவிடும். நாயைக் கொஞ்சிவிட்டு, அதன் கயிற்றைப் பிடித்திருப்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் நகர்பவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு.

இவ்வளவுக்கும் ஒரு கருவி போதாதா என்ற கேள்வி நியாயமானதே. தலையணைக்கடியில் அதிரும் கடிகாரமும் ஒளிரும் அழைப்புமணியும் வெகுகாலமாக இருக்கின்றன. 2020 முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் குழந்தையின் அழுகையையும் கதவு தட்டும் ஓசையையும் இனங்கண்டு அறிவிக்கின்றன. பலருக்கு இவை போதும். நாய் வளர்க்க இயலாதவர்களும் விரும்பாதவர்களும் இருக்கிறார்களே. எனினும் ஆபத்தான வேளைகளில் இவ்வசதியை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. கைபேசி வைத்த இடத்தில் கிடக்கும். நாய் மாடிக்கும் தோட்டத்துக்கும் தேடி வரும்.

அலுவலகத்தில் நாயின் பணி சற்றே மாறுகிறது. ‘அவரை அழைத்து வா’ என்று சகஊழியர் ஒருவர் சொன்னால், தன் மனிதரைத் தேடிப்போய்த் தொட்டு, சொல்லி அனுப்பியவரிடம் கூட்டிவரவும் இந்நாய்கள் பழக்கப்படுகின்றன. தோளைப் பிடித்து உலுக்குவதையும், மேசையைத் தட்டுவதையும், கண்முன் கையை ஆட்டுவதையும் பணியிடத்தில் நாள்தோறும் தாங்கிக்கொள்பவருக்கு இது சிறிய விடுதலையன்று. ஆனால் கூட்டத்தில் மேலாளர் என்ன பேசினார் என்பதை எந்த நாயும் சொல்லாது. அதற்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும், எழுத்தில் குறிப்புகள் வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஊழியருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. நாயை உள்ளே விட்டதோடு அக்கடமை முடிந்ததாக எந்த நிறுவனமாவது கருதினால், அது தன் வேலையை நாயின் தலையில் கட்டுகிறது என்றே சொல்வோம். சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரில் பலர் தங்களிடம் குறை ஏதுமில்லை, ஓசையை மட்டுமே நம்பிக் கட்டிடங்களைக் கட்டியவர்களிடம்தான் குறை என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது.

ஜப்பான் 2002ல் உடற்குறையுடையோருக்கான துணைநாய்ச் சட்டத்தை இயற்றி, வழிகாட்டி நாய்களோடு செவித்துணை நாய்களுக்கும் பொதுவிடங்களில் நுழையும் உரிமை தந்தது. இருந்தும் அங்கே வழிகாட்டி நாய்கள் பல நூறு இருக்க, செவித்துணை நாய்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. லாப்ரடாரைக் கண்டால் வழிகாட்டி நாயென்று எவருக்கும் தெரியும். செவித்துணை நாயோ பெரும்பாலும் சிறியது, சில வேளை காப்பகத்திலிருந்து எடுத்த கலப்பினம். பார்வைக்கு வீட்டுச் செல்லம்தான். உணவகத்தின் வாசலில் தடுத்து நிறுத்தப்படும்போது அதன் உரிமையை விளக்க வேண்டியவர், தடுப்பவரின் பதிலைக் கேட்க இயலாதவர்.