இரண்டு பழைய கார்களும் ஓர் எண்ணும்

ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றா, மொரிஸ் மைனர் 1000-ஆ? புல்மோட்டையில் நண்பரொருவரின் கராஜில் அமர்ந்திருந்தபோது இந்தப் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது.

1952 முதல் 1954 வரை வெளிவந்த சோமர்செற்றுக்கு 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. 1956-இல் வந்த மைனர் 1000-க்கு 948 சிசி, 37 குதிரைவலு. ஆயினும் மைனர் ஏறக்குறைய 200 கிலோ இலேசானது. ஆகவே இரண்டும் மணிக்கு 70 மைல் அளவில் ஓடக்கூடியவை. வளைவுகளில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனரே மேல்.

எனினும் என் தீர்ப்பு சோமர்செற்றுக்கே. காரணம், பலரும் நோக்காத ஓர் எண்: அமுக்க விகிதம். எஞ்சினுக்குள் எரிபொருட்கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதே அது. மைனருக்கு 8.3, சோமர்செற்றுக்கு 7.2. குறைந்த அமுக்கம் வலுவைக் குறைக்கும். ஆனால் மட்டமான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும்.

புல்மோட்டைக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பைக் கடந்தால் வன்னி. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் அங்கும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் தடைப்பட்டது. சிறிது பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றவை இத்தகைய பழைய கார்களே. மைனரும் ஓடியது, அதற்கு அது கூடுதல் சிரமம்.

2022-இல் எரிபொருளுக்காக வரிசையில் காத்துக் கிடந்தோருக்கு இது விளங்கும். கார் வாங்குவோர் வேகத்தைக் கேட்கட்டும். தட்டுப்பாடு வந்தால் அது எதில் ஓடும், ஊரில் யார் திருத்துவார் என்பதையும் கேட்கட்டும்.