புல்லட்டுக்கு உயிர் போய்விட்டதாம்!

புது புல்லட் புல்லட்டே இல்லையாம். தையல் மிஷின் மாதிரி ஓடுகிறதாம். நடுக்கம் இல்லை, கிக்கர் இல்லை, ஹெட்லைட் மண்டையில் ஆடுகிற ஆம்பியர் முள் இல்லை, பழைய 'டப் டப்' இல்லை. ஆகவே ஓட்டுவதில் ருசி இல்லை. நம்ம ஊர் டீக்கடைகளில் அறுபது தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அரசியலுக்கு அடுத்தபடியாக இந்த ஒப்பாரிதான். சாலையில் ஒரு புது வண்டி சத்தமில்லாமல் போனால் போதும், உதட்டைப் பிதுக்குவார்கள்.

பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இனி பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நானும் இருபது வருஷத்துக்கு மேல் பழைய புல்லட்டில் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் மண்டிக் கணக்குகளுக்காக அலைந்தவன். எனவே "உனக்கு புல்லட்டைப் பற்றி என்ன தெரியும்" என்று யாரும் என் வாயை அடைக்க முடியாது.

முதலில் இந்த 'உயிர்' என்பது என்ன என்று பார்ப்போம். பழைய 350-இல் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வரும்போது ஏற்படும் உதறலைத் தடுக்க உள்ளே எதுவும் கிடையாது. அந்த உதறல் சட்டத்துக்கு வந்து, ஹேண்டில்பாருக்கு வந்து, நம் தோள்பட்டைக்கு வரும். நட்டும் போல்ட்டும் கழன்று விழும். இந்த வண்டிக்காரர்கள் வாரம் ஒருமுறை ஸ்பேனரைக் கையில் எடுத்தது பாசத்தினால் மட்டும் அல்ல.

புது எஞ்சினில் என்ன செய்திருக்கிறார்கள்? கிராங்க் ஷாஃப்டோடு பல்சக்கரத்தில் இணைந்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றுகிற எடை வைத்த தண்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் உதறினால் இது மறுபக்கம் இழுத்துச் சமன் செய்யும். 2020 நவம்பரில் மீட்டியார் வண்டியில் வந்தது, 2021-இல் கிளாசிக்குக்கும் 2023-இல் புல்லட்டுக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் உயிர் போய்விட்டது என்கிறார்கள்.

என்னோடு அந்தக் காலத்தில் சேர்ந்து வண்டி ஓட்டிய நண்பர் ஒருவர் சொன்னார்: "பழைய வண்டி நம்மகிட்ட பேசும்யா. புதுசு வாயே திறக்க மாட்டேங்குது."

"அது பேசினது இல்லய்யா, முனகினது. வலி தாங்காம முனகினதை நீ பாட்டுன்னு நெனச்சிக்கினே" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

இந்த வண்டியின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஒப்பாரி இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1948, 49 வாக்கில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் புல்லட்டைப் புதிதாக வடிவமைத்தபோது அதில் இருந்த பெரிய புதுமை எது தெரியுமா? பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர். ஸ்விங் ஆர்ம் என்கிற அமைப்பு. அந்தக் காலத்தில் பல மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாக இறுக்கப்பட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் மட்டுமே ஓட்டுகிறவனைக் காப்பாற்றும். அந்த விறைப்புக்கு நடுவில், உடம்பு நோகாமல் ஓட்ட வந்த சொகுசு வண்டிதான் நம்ம புல்லட். அதைக் கட்டியவர்கள் நடுக்கத்தைக் கூட்ட உட்கார்ந்து யோசிக்கவில்லை. தங்கள் கைக்கு எட்டிய அளவு அதைக் குறைத்தார்கள். எதிர்த்திசைத் தண்டு போட வசதி இருந்திருந்தால் அவர்களே போட்டிருப்பார்கள்.

பிறகு ஏன் அப்படியே ஐம்பது வருஷம் நின்றது? காரணம் கலை இல்லை, போட்டி இல்லாமைதான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டன. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே 1970-களின் தொடக்கத்துக்குள் இல்லாமல் போய்விட்டது. நாம் மட்டும் அதே வார்ப்பிரும்பு எஞ்சினை 2010 வாக்கு வரை கட்டிக்கொண்டிருந்தோம். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். கிடைத்ததே பெரிது என்று எடுத்துக்கொண்ட தலைமுறை. அந்த வறுமைக்கு இப்போது 'கேரக்டர்' என்று பெயர் வைத்து மினுக்குகிறோம். ரேஷன் அரிசி சோற்றின் வாசனையை யாராவது ஏங்கிப் பாடுகிறார்களா?

"ரொம்பப் பவர் ஏத்திட்டாங்க, பசங்க கெட்டுப்போறானுங்க" என்று இன்னொரு குற்றச்சாட்டு. பழைய 350-க்கு 18 குதிரைத் திறன். புதியதற்கு 20 சொச்சம். அறுபது வருஷத்தில் இரண்டு குதிரை. இதில் என்ன கெட்டுப்போகும்? எடை கூடியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 195 கிலோ என்பது என் முழங்காலுக்கு அதிகம். அதைப் பற்றிக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். ஆனால் எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கனமான வண்டி என்றால் நமக்குப் பெருமையாயிற்றே.

மாறாதவர்கள் கொஞ்சம் சாலைக்கு வந்து நில்லுங்கள். நாம் ஓட்டியது இரு பக்கமும் புளியமரம் நின்ற இருவழிச் சாலை. லாரிகள் ஐம்பதில் போகும். எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் மண்ணில் இறங்குவோம். அந்தச் சாலைக்கு டிரம் பிரேக் போதுமானது, அதுவும் ஒருமாதிரிதான். இன்று பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஆம்பூர் பக்கம் போகிற 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் கார்கள் நூறுக்கு மேல் பறக்கின்றன. குறுக்கே ஆடு வரும், தடுப்புச் சுவர் இடைவெளியில் டிராக்டர் திரும்பும், எதிர்த்திசையில் ஒருவன் ஹெல்மெட் இல்லாமல் வருவான். பிரேக்கைப் பதற்றத்தில் ஓங்கி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அதைத் தடுக்கத்தான் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், குறைந்தது முன்சக்கரத்துக்காவது. "பிரேக் பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஏபிஎஸ் எதுக்கு" என்று ஒருவர் கேட்டார். பிரேக் பிடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இந்தச் சாலையில் தோல் உரிந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று அவருக்கே தெரியும். நம் வயதுக்காரர்களில் காலில் தழும்பு இல்லாத வண்டிக்காரன் எவன்?

அவர்கள் பக்கம் ஒரே ஒரு நியாயம் இருக்கிறது. வழுவழுப்பான வண்டி வேகத்தை மறைக்கும். பழையதில் எழுபதைத் தொட்டால் கண்ணாடியில் உருவம் ஆடும், உடம்பே போதும் என்று சொல்லும். புதியதில் தொண்ணூறில் போகும்போது அறுபது போலத் தோன்றும். உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து மீட்டரைப் பார்ப்பது. பல்வலி இருந்தால்தான் பல் இருப்பது தெரியும் என்று பல்வலிக்கு ஏங்குவோமா?

பழுது பார்ப்பது பற்றிச் சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, கிளட்ச் கேபிள் அறுந்தால் சீட்டுக்கடியில் இருந்து இன்னொன்றை எடுத்துப் போடுவது, டேப்பெட்டைக் காதால் கேட்டே சரிசெய்வது. இதையெல்லாம் மரத்தடியில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்து செய்த பாய் ஒருவர் எனக்குத் தெரியும். எஞ்சின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே யாருடைய வண்டி, என்ன கோளாறு என்று சொல்வார். இன்று எரிபொருளைச் செலுத்துவது ஒரு கணினிப் பெட்டி. விளக்கு எரிந்தால் கம்பெனி ஷோரூமுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பாயின் மகன் பஞ்சர் கடையோடு நின்றுவிட்டார்.

இது நிஜமான இழப்பு. ஆனால் இதற்கும் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுக்கம் இல்லாத வண்டியையும் மரத்தடியில் பழுது பார்க்க முடியும், கோளாறு காட்டும் கருவியையும் விளக்கப் புத்தகத்தையும் உதிரிபாகத்தையும் கம்பெனிகள் வெளியாருக்குத் தந்தால். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு துறை. அதைப் பிடித்து உலுக்கலாம், மனு போடலாம். நம்மவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். ஆம்பியர் முள்ளுக்காக அழுவது சுலபம்.

இந்த நோய் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பணக்கார நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கும் இதே புலம்பல்தான். போர்ஷே 911 காற்றால் குளிர்ந்த எஞ்சினை 1998-இல் விட்டுவிட்டுத் தண்ணீரால் குளிர்வதற்கு மாறியபோது உலகமே அழிந்தது போல எழுதினார்கள். இன்றும் எழுதுகிறார்கள். கம்பெனிக்காரன் புத்திசாலி. அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுத்தான். 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்க விட்டார்கள். 2023-இல் ஹூண்டாய் கொண்டுவந்த ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் காருக்கு கியர் மாற்றும் வேலையே கிடையாது. ஆனால் கியர் மாறுவது போல ஒரு உதறலையும், பெட்ரோல் எஞ்சின் போல ஒரு உறுமலையும் பொய்யாக உண்டாக்குகிறார்கள். காசு கொடுத்து நடுக்கம் வாங்குகிறான்! அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை நம் சாலையிலேயே கிழக்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. நிஜமாகவே வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கான பந்தயத் தடமும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். சோழவரத்துக்குப் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்துகிறது. அங்கே போய்ப் பாருங்கள்; எவனும் நடுக்கத்துக்காக வண்டியைக் கெடுத்துக்கொள்வதில்லை.

ஹூண்டாய் செய்வது கண்ணாடி ஏற்றிய காருக்குள். நம்ம ஊரில் அதே வேலையைத் தெருவில் செய்கிறார்கள். புது புல்லட்டை வாங்கியதும் பையன் செய்கிற முதல் காரியம், கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத குழாய் ஒன்றை மாட்டுவது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. டெசிபல் கணக்கு விசித்திரமானது. பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதால்தான் இந்த ஊருக்கே இந்தப் பெயர். இரவு பதினொரு மணிக்கு இவர்கள் போகிற போக்கில் அவரே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

போலீஸ் பிடித்தால் பத்தாயிரம் வரை அபராதம் போடலாம். சில சமயம் பிடிக்கிறார்கள், குழாய்களை வரிசையாக வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு இந்த ஆசையை ஊட்டியது யார்? "எங்க காலத்துல வண்டி தெருமுனையில வந்தாலே வீட்ல தெரியும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னோமே, நாம்தான். சத்தம்தான் வண்டி, சத்தம்தான் ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அவன் குழாயை மாட்டியதும் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

ஆண்பிள்ளை என்றதும் இன்னொன்று. கிக்கர் ஒரு வடிகட்டி. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, முள்ளை நடுவில் கொண்டுவந்து, எழுந்து நின்று உடம்பின் எடை முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டும். தப்பினால் திருப்பி அடித்து கணுக்காலைப் பதம் பார்க்கும். இதனால் பெண்களும், குள்ளமானவர்களும், எடை குறைந்தவர்களும் அந்த வண்டிப் பக்கமே வரவில்லை. பொத்தான் வந்த பிறகு வருகிறார்கள். காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிஃப்ட் நேரத்தில் சாலையைப் பாருங்கள். ஸ்கூட்டரில் அவ்வளவு பெண்கள். அந்த நெரிசலில், மழையில், லாரிக்கு நடுவில் தினமும் ஓட்டுகிறவர்கள். ஓட்டுநர் என்றால் இவர்களைச் சொல்ல வேண்டும்.

என் தம்பி மகள் போன வருஷம் ஹண்டர் வண்டி ஒன்று வாங்கினாள். தோழிகளோடு ஏலகிரிக்குப் போய்வந்தாள். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர், வள்ளல் பெயர். வந்ததும் எனக்கு ஒவ்வொரு வளைவாகச் சொன்னாள். எங்கே இரண்டாவது கியரில் திரும்பினாள், இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் எஞ்சினாலேயே எப்படிப் பிடித்தாள், எந்த இடத்தில் மண் சரிந்து கிடந்தது, எங்கே குரங்கு குறுக்கே வந்தது, எங்கே நின்றால் ஜோலார்பேட்டை பக்கம் முழுக்கத் தெரிகிறது. ஒரு மணி நேரம் சொன்னாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாங்கள் ஏலகிரி போன கதைகளும் இருக்கின்றன. எல்லாமே வண்டி எங்கே நின்றது, யார் தள்ளினார்கள், எந்த நட்டு எங்கே விழுந்தது என்ற கதைகள். மேலே என்ன பார்த்தோம் என்று என் நண்பர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மார்ச் மாதம் வந்தால் பிளஸ் டூ பரீட்சை. என் தெருவில் மட்டும் மூன்று பிள்ளைகள் இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் கம்பெனி சைலன்சர் கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி மாட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். பேரனுக்குத் தெரியாவிட்டால் நீங்களே உட்கார்ந்து மாட்டிக் கொடுங்கள். ஸ்பேனர் பிடிக்கத்தானே இவ்வளவு ஏக்கம்.