மறைத்து வைத்த புண்



என் உம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் வலி போய்விடும். வாதம் என்று எண்ணித் தைலம் பூசி வந்தோம். ஒரு நாள் உம்மா வுழூச் செய்யும்போது பெருவிரலில் கறுத்த புண்ணொன்றைக் கண்டேன். "ஆம்பிளை டொக்டர்கிட்ட காலைக் காட்டணுமே மகன், அதுதான் சொல்லல்ல" என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மார் பலர் இதுபற்றி விசாரித்தார்கள். அவர்கள் கேட்டவற்றையும், வைத்தியர் எமக்கு விளக்கியவற்றையும் தருகிறேன்.

ஆண் வைத்தியரிடம் காலைக் காட்டலாமா?

பெண் வைத்தியர் இருந்தால் அவரிடமே செல்லுங்கள். இல்லாவிட்டால் மஹ்ரமான ஒருவருடன் சென்று, தேவையான அளவுக்குக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. வெட்கம் ஈமானின் பகுதிதான். ஆனால் நோயை மறைப்பது வெட்கமல்ல.

நடந்தால் மட்டும் ஏன் வலி?

காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கினால், நடக்கும்போது தசைக்குத் தேவையான இரத்தம் போய்ச் சேராது. நின்றதும் தேவை குறைவதால் வலி அடங்கும்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் குறைவாக வருமானால் அடைப்பு இருக்கக்கூடும். நாட்பட்ட சீனி வருத்தத்தில் நாடிச் சுவர் கடினமாகி, எண் பொய்யாகக் கூடி நிற்பதுண்டு. அப்போது கால் விரலின் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். டொப்ளர் ஸ்கேன் ஒலியலையால் செய்வது, ஊசியுமில்லை, வலியுமில்லை.

சாயம் ஏற்றிப் படம் எடுக்க முன் சிறுநீரகத்தை அறியக் கிரியேட்டினின் பார்ப்பார்கள். மெட்போமின் குளிசை எடுப்பதையும், ஒவ்வாமை இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தண்ணீரும் கூடாதா?

அது நோன்பல்ல. சீனிப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் உணவு கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். காலைக் குளிசை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். உண்ணாமல் அவற்றை எடுத்தால் சீனி ஆபத்தாகக் குறையலாம். எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும். அதற்குப் பட்டினி வேண்டியதில்லை. இரத்தச்சோகை உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் கூறுங்கள். அதனால் அந்த எண் மாறுவதுண்டு.

நோன்போடு இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா?

ஷாபிஈ மத்ஹபின்படி முறியாது.

பலூன் சிகிச்சை செய்தால் முழுச் சுகமா?

அடைத்த இடம் திறக்கும். அடைப்பை உண்டாக்கிய நோய் அப்படியே இருக்கும். ஆகவே குளிசைகளையும் நடைப்பயிற்சியையும் விடக்கூடாது.

உம்மாவின் கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது. முன்பே சொல்லியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கலாம்.

நாளுக்கு ஐந்து வேளை கால் கழுவுகிறோம். சீனி வருத்தமுள்ள சகோதரிகளே, அதில் ஒரு வேளையாவது விரல் இடுக்குகளையும் பாதத்தின் அடியையும் உற்றுப் பாருங்கள். புண்ணோ நிற மாற்றமோ கண்டால் அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.