ஃபியூஸில் கம்பி சுற்றலாமா?

பழைய காரில் புது ஸ்டீரியோ மாட்டினால் பாட்டு வராமல் போவது ஆட்டையாம்பட்டியிலும் நடக்கும், அமெரிக்காவிலும் நடக்கும். உடனே செட்டைக் குறை சொல்வது தவறு. முதலில் வயரைப் பார்க்கவேண்டும்.

பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் வயருக்கு எந்நேரமும் 12 வோல்ட் வேண்டும். சிவப்புக்குச் சாவி திருப்பினால் வந்தால் போதும். இரண்டும் மாறினால், சாவியை எடுத்ததும் கடிகாரமும் ஸ்டேஷன்களும் அழிந்துவிடும். கறுப்பு எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கவேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதுதான் பெரிய ஆபத்து. 10 ஆம்பியர் ஃபியூஸ் உருகவேண்டிய இடத்தில் வயரே உருகும், கார் தீப்பிடிக்கும். ஆட்டையாம்பட்டிக்காரர்கள் முறுக்கு சுற்றட்டும், ஃபியூஸில் கம்பி சுற்றவேண்டாம்!