நிறம் போனால் போதுமா? உலோகக் கணக்கு எங்கே?



ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டினது நம்ம காட்டுக்குப் பாசனம் கொடுக்க. தேங்கினதோ திருப்பூர் சாயத்தண்ணி! விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பிறகுதான், கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்று 2006-ல் உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவும் உத்தரவாச்சு.

இப்போ, இரும்பு, தாமிரம் மாதிரி உலோகத்தை வச்சுச் சாயத்தை உடைச்சுத் தண்ணியைப் பளிங்காக்கிடலாம்னு சொல்றாங்க. விஷயம் பொய்யில்லீங்க. அன்னபேதியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் சாயம் உடையும். ஆனால் அமிலத் தண்ணியில், பி.எச். 3 அளவில்தான் நல்லா வேலை செய்யும். பிறகு சுண்ணாம்பு போட்டால் இரும்பு சேறாகப் படியும்.

அந்தச் சேறு வராமல் இருக்க உலோகத்தைக் களிமண், கரி மாதிரி பொருளில் ஏற்றி வைக்கிறார்கள். வினையூக்கி என்று பெயர். வேலையைத் தூண்டும், தான் தீராது என்பது ஏட்டுக் கணக்கு. நடப்பது வேறு. அமிலத்தில் கிடக்கக் கிடக்க உலோகம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து தண்ணியோடு போகும். மேலே அழுக்குப் படிந்து வேலையும் குறையும். முதல் நாள் காட்டுகிற தண்ணி நூறாவது நாளும் வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

தாமிரத்தையே எடுத்துக்குங்க. ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது மத்திய அரசின் பொது விதி. தொடர்ந்து பாய்ச்சும் பாசன நீரில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1985-ல் சொன்ன அளவு. 15 மடங்கு வித்தியாசம்! தாமிரம் மண்ணில் தங்கினால் லேசில் போகாது. சாயத்தோடு வரும் உப்போ, நிறம் போன பிறகும் அப்படியே இருக்கும்.

ஆகவே நாம் கேட்பது:

1. வினையூக்கி பல மாதம் ஓடிய பிறகும் தண்ணியில் உலோகத்தைச் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. சேறும், வேலை தீர்ந்த வினையூக்கியும் எங்கே போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

3. நிறம் போச்சு என்று காரணம் காட்டிக் கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி கொடுக்கக் கூடாது.

கண்ணாடி டம்ளரில் தண்ணியைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீங்க. உலோகக் கணக்கைக் கேளுங்க!

நொய்யலைக் காப்போம்! மண்ணைக் காப்போம்!