இட்லிப் பானையில் ஜப்பான் முட்டை

காரைக்குடி வீடுகளில் இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாம் ஆவியில் வேகும். முட்டை என்றால் குழம்பு, இல்லையேல் ஆம்லெட். ஜப்பானியர்களோ முட்டையையும் ஆவியில் வைத்து 'சவான்முஷி' செய்கிறார்கள். 'சவான்' கிண்ணம், 'முஷி' ஆவியில் வெந்தது. இனிப்பே கிடையாது. கரண்டி பட்டாலே குழைந்துவிடும் என்பதால், பல் போன பெரியவர்களும் ருசித்துச் சாப்பிடலாம்.

ஒரு முட்டைக்கு 150 மில்லி சாறு தேவை. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்த 'கட்சுவோபுஷி'யில்தான் அங்கே சாறு எடுக்கிறார்கள். நம் மாசிக் கருவாடும் அதே சூரைதான். ஒரு சிறு துண்டு மாசியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். உப்பைப் பார்த்துச் சேருங்கள்.

முட்டையை நுரைக்காமல் கலக்கி, சாறு சேர்த்து வடிகட்டவும். கிண்ணங்களில் ஊற்றி, பொடியாக நறுக்கிய காளானைப் போட்டு, தட்டால் மூடவும். இட்லிக்கு எரிக்கும் தீ இதற்கு ஆகாது. முட்டைக் கலவை 80 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். சூடு மிஞ்சினால் ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விடும். பானை மூடியைக் கொஞ்சம் விலக்கி, சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். குச்சியால் குத்தும்போது தெளிந்த சாறு வந்தால் இறக்கிவிடலாம்.